கூடை இல்லாமல் வந்தவள்

கோதுமை மாப்பசை கொதிக்கிற வாசனை எங்கிருந்தாவது வந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு முதலில் பசிக்கிறது, பிறகுதான் கோபம் வருகிறது. எங்கள் லயத்தின் கீழ்க்கோடியில் கற்களைக் கூட்டி அடுப்பாக்கி, துருவேறிய எண்ணெய்த் தகரத்தை அதன்மேல் ஏற்றி, தேர்தல் சுவரொட்டிக்கான பசையைக் காய்ச்சுவார்கள். ரொட்டிக்கு மாவு கிள்ளிக் கிள்ளிப் பிசையப்படுகிற வீடுகளின் வாசலில், சுவரில் பூசுவதற்காக மாவு தகரம் தகரமாகக் கொதித்தது. சுற்றி நிற்கும் எங்களை விரட்டுவதற்கு அண்ணன்மார் ஒரே வசனத்தைத்தான் வைத்திருந்தார்கள்: "மயில்துத்தம் கலந்திருக்கு, நக்கினீங்க, செத்துருவீங்க." சுவருக்கு ஊட்டுகிற மாவில் பிள்ளைகளுக்கு மட்டும் விஷம் கலந்து வைத்திருந்த அந்தப் பருவத்தைத்தான் எங்கள் தோட்டத்தில் "எலெக்சன் காலம்" என்று சொன்னோம்.

வட்டகொடை புகையிரத நிலையத்திலிருந்து மேலே ஏறிப் போகும் பாதையில், மூடுபனி பகலிலும் விலகாத ஒரு மேட்டில் இருந்தது மலையகத் தேயிலைத் தோட்டமொன்றின் எங்கள் பிரிவு. லயம் என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீண்ட ஒரே கூரையின் கீழ், பெட்டி பெட்டியாகத் தடுத்த அறைகள், குடும்பத்துக்கு ஓர் அறை, அதற்குப் பெயர் "காம்பரா", முன்னால் ஒரு முழ அகலத்தில் திண்ணை, அது "இஸ்தோப்பு". காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையே எழுப்பிய சுவர் கூரையைத் தொடுவதில்லை. வெள்ளைக்காரன் கட்டும்போதே மிச்சம் பிடித்த செங்கல் அது. அந்த இடைவெளி வழியாக அடுத்த வீட்டு இருமலும், அதற்கடுத்த வீட்டுச் சண்டையும், எல்லாருடைய கருவாட்டு மணமும் எல்லாருக்கும் பொதுவாக வந்து சேரும். இந்தச் சுவரை வாசகர்கள் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் சொல்லப்போவது அரசியல்.

எங்கள் பிரிவில் அரசியல் கருத்து என்பது பெயருக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்தைப் போன்றது. அப்பாவுடையது எதுவோ அதுவே பிள்ளைக்கும். எங்கள் சின்னம் கூடை. தொழிற்சங்கமும் கூடை, கட்சியும் கூடை, கோயில் திருவிழாவின் செலவும் கூடை. ஓடைக்கு அப்பாலிருந்த தோட்டங்களில் மத்தளம். கல்யாணம் கட்டி வருகிற பெண், தன் சின்னத்தைப் பிறந்த தோட்டத்திலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் எங்கள் மேட்டில் ஏற வேண்டும். என் அம்மா பார்வதி வட்டவளைப் பக்கத்து மத்தளத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். நான் பிறந்து நடந்து பள்ளிக்கூடம் போன பிறகும் அவரை "வட்டவளைக்காரி" என்றே சொன்னார்கள்.

இந்த ஒட்டுமொத்த வாக்குக்கு ஒரு வரலாறு உண்டு, அதை மறைத்துப் பேசுவது அநியாயம். சுதந்திரம் வந்த கையோடு எங்கள் பாட்டன்மாரின் வாக்கைப் பறித்த நாடு இது. பிறந்த மண்ணில் நாடற்றவர் என்ற பெயரோடு தலைமுறைகள் கொழுந்து பறித்தன, மனுப் போட்டன, கப்பலேறின. கடைசியில் வாக்கு திரும்பி வந்தபோது அது உரிமையாக வரவில்லை; ஒருவர் வாங்கித் தந்த பொருளாக வந்தது. "ஓட்டு வாங்கிக் குடுத்தவனுக்கே ஓட்டு, சோறு போட்ட கையைக் கடிக்கலாமா?" என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஒரு மனிதனுக்கு அவனுடைய சொந்தக் கையையே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆயுள் முழுவதும் அதைக் கூப்பிக்கொண்டே இருக்கச் சொன்னால் அதற்குப் பெயர் நன்றியா? அந்த வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் கேட்கவில்லை.

கூடையின் ஆளாக எங்கள் பிரிவில் இருந்தவர் தோட்டத் தலைவர். அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் யாரும் அதைச் சொன்னதில்லை. "தலைவரு" என்றால் அவர்தான். அவரை அரக்கனாகத் தீட்டினால் என் வேலை எளிதாகிவிடும், ஆனால் அவர் அரக்கன் இல்லை. பிரசவ வலி கண்டவளுக்குத் துரையிடம் சண்டை போட்டு லொறி வாங்கித் தந்தவர் அவர். கூரைத் தகரம் பறந்த வீட்டுக்கு மறுநாளே மேலே மூடப் படங்கு கொண்டுவந்து கட்டியவர் அவர். அதனால்தான் அவருக்குப் பயந்தோம். அடிக்கிறவனிடம் உள்ள பயம் அடி ஆறியதும் ஆறிவிடும். உதவுகிறவனிடம் உள்ள பயம் ஆறவே ஆறாது.

அந்தத் தேர்தலுக்கு முன்பு எங்கள் மேட்டில் ஒரு பெரிய ஆசை முளைத்திருந்தது. லயத்துக்குப் பின்னால் விளைச்சல் குன்றிய தேயிலையைப் பிடுங்கி, சரிவைத் தட்டையாக்கி, முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, "தனி வீடு" வரப்போகிறது என்றார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்றுகூடத் தலைவர் சொல்லிவிட்டார். எங்களுக்குக் கொய்யா மரத்தடி. அம்மா கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து திரும்புகிற வழியில், கூடையை இறக்காமலேயே, என்னையும் இழுத்துக்கொண்டு அந்தக் கயிற்றுக்குள் போய் நிற்பார். "இங்க அடுப்பு. இங்க நீ படிக்கிற மேசை. சன்னலு தேயிலைப் பக்கமா. செவுரு மேல வரைக்கும் போகும், பாப்பா, கூரை வரைக்கும். நம்ம இருமல் நமக்கு மட்டுந்தான் கேக்கும்." கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டு திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வந்துபோகும் அப்பா, அந்த முறை வந்தபோது கயிற்றுக்கு வெளியே நின்றபடியே சிரித்தார்: "நம்ம சண்டை மத்தவங்களுக்குக் கேக்காது பார்வதி, அதைச் சொல்லு. சனம் பொழுதுபோக்குக்கு எங்க போகும்?"

வாக்களிப்புக்கு முந்தைய மாலை, லயத்தின் முன்னால் கூட்டம். மறுநாள் தோட்டத்தில் அரைநேரம் வேலை, அதன்பின் ஓட்டு. தலைவர் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றார். அன்று அவர் முகத்தில் திருவிழாக் களை.

"நாளைக்கு மலையிலருந்து நேரா பள்ளிக்கூடத்துக்கு வாங்க. கூடையை எங்கயும் எறக்கி வைக்காதீங்க. சின்னத்தக் கொண்டு வரக்கூடாதுன்னு சட்டமிருக்கு, சரி. நம்ம முதுகுல கெடக்கிற சாமானைக் கழட்டச் சொல்ல எவனுக்குச் சட்டமிருக்கு, பாப்போம்!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. எங்கள் பக்கத்துக் காம்பராவிலிருந்த ராக்கம்மா அத்தை கையைத் தட்டிக் கேட்டார்: "தலைவரே, வெறுங்கூடையா, கொழுந்தோடயா?"

"கொழுந்தோடயே வா புள்ள. பாரம் அழுத்தினாத்தான் சின்னம் மனசுல பதியும்."

பிரம்பால் முடைந்து, கயிற்றை நெற்றியில் மாட்டி, மழையில் பாரம் இரட்டிப்பாகிக் கழுத்து நரம்பைத் தெறிக்க வைக்கிற அந்தக் கூடையை வடிவமைத்தவன் தோட்டத்து முதலாளி. அதையே எங்கள் விடுதலையின் அடையாளமாக வரைந்து வாக்குச் சீட்டில் அச்சடித்தவர்கள் எங்களவர்கள். முதுகை வளைத்த பொருளைப் பார்த்துக் கைதட்டுகிற சனமாக எங்களை ஆக்கிவிட்டு, அதையே தந்திரம் என்று மெச்சிக்கொண்ட அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வாய் கசக்கிறது. அன்று கூட்டத்தில் சிரிக்காத ஒருவர் அம்மா.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு மேலிருந்த மண்மேட்டில் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகக் குந்தியிருந்தோம். எங்கள் வகுப்பறையே வாக்குச் சாவடி. படிப்பு இல்லாத நாளில் பள்ளிக்கூடம் அழகாக இருந்தது. தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் பெண்கள் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக, எல்லார் முதுகிலும் கூடை. வாயிலில் நின்ற பொலிஸ்காரர் இரு கைகளையும் விரித்து, பாதி சிங்களத்தில் மறித்தார்.

"அம்மே, கூட எபா! கூட வெளியே! சின்னம், சின்னம்!"

"சின்னம் இல்லீங்க மாத்தயா, கூடை," என்றார் ராக்கம்மா அத்தை, முகத்தில் ஒரு பாவமும் அறியாதவராக. "உள்ள பாருங்க, கொழுந்து."

பொலிஸ்காரர் உண்மையிலேயே உள்ளே எட்டிப் பார்த்தார். கொழுந்துதான். சட்டப் புத்தகத்தில் இல்லாத சிக்கல். அவர் உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் கேட்டுவிட்டு வரும்வரைக்கும் கூடைகள் பாதையில் வரிசைகட்டி நின்றன. தலைவர் விரும்பியதும் அதுவே. கடைசியில் எல்லாவற்றையும் வாயிலுக்கு வெளியே இறக்கி வைக்கும்படி உத்தரவாயிற்று. இறக்கினார்கள். அந்தக் குவியல் எந்தச் சுவரொட்டியையும்விடப் பெரிய சுவரொட்டியாக நாள் முழுவதும் வாசலில் நின்றது. பாதைக்கு எதிர்ப்புறத்தில் தலைவர் வெற்றிலையை மென்றுகொண்டு, வைக்கப்படும் ஒவ்வொரு கூடையையும் கண்ணால் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆண்களும் வந்தார்கள், அப்பாவும் வந்தார். அவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள், வெறுங்கையோடு போனார்கள். ஆண்களின் முதுகில் கூடை இல்லை. ஆகவே ஆண்கள் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

வெயில் ஏறியபின் அம்மா வந்தார். அன்றைய அரைநாள் "பேரை"யே, அதாவது கூலிக் கணக்கையே விட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, ஈரம் காயாத கூந்தலை முடிந்து, கல்யாண வீடுகளுக்கு மட்டும் எடுக்கிற நீலச் சேலையைக் கட்டி, அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்தபடி நடந்து வந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. கூடை இல்லாமல் பகல் வெளிச்சத்தில் அம்மாவின் முதுகை நான் பார்த்த நாள்கள் அதிகமில்லை என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது.

வரிசையிலிருந்து ராக்கம்மா அத்தை குரல் கொடுத்தார்: "என்னா பார்வதி, ஓட்டுப் போட வந்தியா, மாப்புள்ள பாக்க வந்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அத்தாச்சி. தப்பாப் போச்சுன்னா வருசக்கணக்கா நாமதானே கூட இருந்து அழணும்."

வரிசை சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "கூடை எங்க தங்கச்சி?" என்றார், பாதைக்கு அந்தப் பக்கமிருந்தே.

"ஓட்டுப் போடத்தானேண்ணே வந்தேன்," என்றார் அம்மா. "கொழுந்து எடுக்க வரலியே."

உள்ளே போனார், கொஞ்ச நேரத்தில் விரலில் மையோடு வெளியே வந்தார், வீட்டுக்குப் போய்விட்டார். நடந்தது இவ்வளவே. இதற்கு மேல் அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை.

கூடையின் வேட்பாளர் எங்கள் பகுதியில் தோற்றார். ஏன் தோற்றார் என்பதற்கு மாவட்டம் முழுவதும் ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கும். எங்கள் மேட்டுக்கு ஒரு காரணம் போதுமாக இருந்தது. "நம்ம பெட்டியில மத்தளம் விழுந்திருக்கு," என்று தலைவர் சொன்னார். "எண்ணுற எடத்துல நம்ம ஆளு நின்னான். எல்லாம் தெரியும்." அதன்பின் யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. கூடை இல்லாமல் வந்தது யார்? மத்தளத் தோட்டத்தில் பிறந்தது யார்? இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வந்தால் அதற்குப் பெயர் நீதி. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் மத்தளம் தட்டினார்கள். "பொறந்த எடத்துச் சின்னம் ரத்தத்துல ஓடும்" என்று சொன்ன பெரியவர்களுக்கு, தங்கள் ரத்தத்தில் எது ஓடுகிறது என்று ஒருமுறையாவது சந்தேகம் வந்திருக்குமா?

அப்பா கொழும்புக்குத் திரும்புவதைத் தள்ளிப் போட்டார். அடுப்படியில் குந்தியிருந்த அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். "ஞாயித்துக்கெழம தலைவரு கோயிலுக்கு வரச் சொல்றாரு. ஒரு சூடத்தை அணைச்சு, கூடைக்குத்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வீடு போயிரும் பார்வதி. நீ கூடைக்குத்தானே போட்ட?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் கேக்கிறீங்களா?"

அப்பா பதில் சொல்வதற்குள் சுவருக்கு மேலிருந்த இடைவெளி வழியாக ராக்கம்மா அத்தையின் குரல் இறங்கி வந்தது: "அண்ணன் கேக்கிறது நியாயந்தானே பார்வதி! கட்டினவர்கிட்டகூடச் சொல்லாம என்னா பெரிய ரகசியம்?"

அம்மா அந்த இடைவெளியை ஒருமுறை பார்த்தார். அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் சனம் கூடியிருந்தது. தட்டில் சூடம் கொளுத்தியாகிவிட்டது. எங்கள் தோட்டங்களில் பொய் சொல்கிறவன் பொலிஸுக்குப் பயப்படமாட்டான், சூடத்துக்குப் பயப்படுவான். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதன்பின் வழக்கு இல்லை. தலைவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. அவர் மிகவும் கனிவாகப் பேசினார்.

"தங்கச்சி, ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல. ஊரு வாயை அடைக்கணும், அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லு, கொய்யா மரத்தடி ஒனக்குத்தான்."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். சூடத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்.

"அண்ணே, நான் இருமினா ராக்கம்மா அத்தாச்சி அந்தப் பக்கமிருந்து மருந்து சொல்லுது. நான் என்ன கொழம்பு வச்சேன்னு கடைசிக் காம்பராவுக்குத் தெரியும். இவரு எங்கிட்ட என்ன பேசினாருன்னு ஒங்களுக்குத் தெரியும். பொறந்ததுலருந்து ஒருத்தரும் பாக்காத எடத்துல நான் நின்னது, அன்னைக்கு ஓட்டுப் போடுற அந்த அட்டை மறைப்புக்குள்ள மட்டுந்தான். அங்க நடந்தத ஆத்தா பாத்திருப்பா. அவளுக்கு எதுக்குச் சத்தியம்? ஒங்களுக்குத்தானே கேக்கிறீங்க."

"அப்ப மத்தளந்தான்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"அதையும் நான் சொல்லலியே," என்றார் அம்மா, அந்தத் திசையைப் பார்க்காமலேயே.

"அப்ப வீடு வேணாமா?" என்றார் தலைவர்.

"வேணும்ணே. செவுருக்காகத்தானே வீடு கேட்டேன். எங்கிட்ட இருக்கிற ஒரே மறைப்பையும் குடுத்துட்டுச் செவுரு வாங்கிக்கன்னு சொல்றீங்களே, அது எப்பிடி?"

 சூடம் தட்டில் தானாக எரிந்து, தானாகக் கரிந்து முடிந்தது. அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தார். அப்பா எங்களுக்குக் கொஞ்சம் பின்னால், தெரியாதவர் போல வந்தார்.

கொய்யா மரத்தடி ராக்கம்மா அத்தைக்குப் போயிற்று. முளைக்குச்சிகளைப் பிடுங்கி மறுபடி அளக்கவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. சாமான்களைச் சுமந்து கிளம்புகிற அன்று அத்தை எங்கள் இஸ்தோப்பில் வந்து நின்று முந்தானையைப் பிசைந்தார். "நான் கேக்கல பார்வதி. அவுங்களா குடுத்தாங்க."

"நல்லா இருங்க அத்தாச்சி," என்றார் அம்மா. "சன்னலை மட்டும் தேயிலைப் பக்கமா வச்சுக் கட்டச் சொல்லுங்க."

வளர்ந்து, விவாதப் போட்டிகளுக்காக எதையும் ஆதாரத்தோடு தேடப் பழகிய பிறகு, தேர்தல் கடமைக்குப் பலமுறை போய்வந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரிடம் வாக்கெண்ணும் முறையைக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கன இடத்துப் பெட்டியளைத் திறந்து, சீட்டெல்லாத்தையும் ஒண்டாக் கலந்துபோட்டுத்தான் பிள்ளை எண்ணுறது. எந்தப் பெட்டியில எது விழுந்ததெண்டு கடவுளுக்கும் தெரியாது." அப்படியென்றால் எங்கள் பெட்டியில் மத்தளம் விழுந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. விழுந்ததோ இல்லையோ, தெரியாது. தெரிந்துகொள்ளவே முடியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லி ஒரு குடும்பத்தின் கூரையை எடுத்தார்கள். ஓர் ஊரே அதை நம்பியது. நம்பாதவர்கள் நம்பியதாக நடித்தார்கள். வாக்கு இரகசியமானது என்று சட்டம் அம்மாவுக்குக் கொடுத்திருந்த ஒரே காவல், உண்மையிலேயே உறுதியாகத்தான் இருந்தது. உடைக்க முடியாத பூட்டை உடைத்துவிட்டதாகச் சொன்னவனிடம், எல்லாரும் கதவைத் திறந்து கொடுத்துவிட்டார்கள். அம்மா ஒருவரைத் தவிர.

தலைநகரில் ஒரு விவாத மேடையில், எதிரணியிலிருந்து ஒரு கனவான் எழுந்து, "ஒரு போத்தல் சாராயத்துக்கு வாக்கை விற்கிறவர்கள் தோட்டத்து மக்கள்" என்று சொன்னார். மண்டபம் கைதட்டியது. சாராயம் வந்தது, நான் மறுக்கவில்லை. குடித்தார்கள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் விலைபேசி வந்தவனிடம் தன் வாக்கை விற்க மறுத்து, வீட்டையே விட்டுக்கொடுத்த ஒருத்தியை நான் அறிவேன். நகரத்தில் மாடி வீட்டிலிருந்துகொண்டு, வரிச் சலுகைக்கும் மகனின் உத்தியோகத்துக்கும் வாக்குப் போடுகிறவர்களுக்கு அரசியல் விழிப்பு உள்ளவர்கள் என்று பெயர். தகரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போடுகிறவர்களுக்கு மந்தை என்று பெயர். இந்த அகராதியை எழுதியது யார்? எங்களை மந்தையாக மேய்த்தவர்களிடம் எனக்குள்ள கோபத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை, எங்களை மந்தை என்று பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் எனக்குள்ள கோபம்.

கடந்த தேர்தலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். மலையகம் மாறிவிட்டது, விழித்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். மாறித்தான் இருந்தது. பிரம்புக் கூடை எந்தப் பெண்ணின் முதுகிலும் இல்லை. நைலோன் பை வந்துவிட்டது, கழுத்து வலி மட்டும் பழையது. கூடைச் சின்னமே ஏதோ ஒரு கூட்டணிக்குள் கரைந்து வாக்குச் சீட்டிலிருந்து காணாமற்போயிருந்தது. தலைவர் இறந்துவிட்டார். சூடத் தட்டை ஏந்திச் சத்தியம் கேட்க இப்போது யாருமில்லை. மாப்பசை காய்ச்சுவதும் இல்லை. சுவரொட்டிகள் எல்லாம் கைப்பேசிக்குள் ஏறிவிட்டன.

தலைவரின் மகன் தினேஷ் எங்கள் இஸ்தோப்புக்கு வந்தான். நல்ல பையன், படித்தவன், அப்பாவுடைய கட்சியை உதறிவிட்டுப் புதிய கட்சியில் சேர்ந்து மாற்றத்தைப் பற்றி அழகாகப் பேசுகிறவன். மேட்டில் மறுபடி தனி வீடு வரப்போகிறது என்றான். இந்த முறை அம்மாவின் பெயரை விட்டுவிடமாட்டேன் என்றான். பிறகு மிக இயல்பாகச் சொன்னான்: "ஓட்டுப் போட்டதும் சீட்டை ஒரு போட்டோ எடுத்து நம்ம குரூப்ல போட்டுருங்க பெரியம்மா. எல்லாரும் போடுறாங்க. மேல காட்டுறதுக்குத்தான்."

"எங்கிட்ட அந்த மாதிரி போன் இல்லியேப்பா," என்றார் அம்மா.

"அக்காகிட்ட இருக்கே. கொடுத்து அனுப்பட்டும். கூடாதுன்னு சட்டம் இருக்குதான், ஆனா உள்ள யாரு பாக்கிறா?"

 மேடையில் நான் பயின்ற அத்தனை சொற்களும் ஒரே நேரத்தில் நாக்கில் வந்து நின்றன. வாயைத் திறந்துவிட்டேன், அம்மா என் முழங்கையில் கையை வைத்து அழுத்தினார். உள்ளே போய் ஒரு பிளேன்டீயோடு வந்து அவன் கையில் கொடுத்தார். அவன் குடிக்கத் தொடங்கும்வரைக்கும் பொறுத்திருந்தார்.

"ஒங்கப்பா கேட்டாரு தம்பி, இதே கேள்விய. வெயில்ல நின்னு, சனத்துக்கு முன்னால, என் மொகத்தப் பாத்துக் கேட்டாரு. நான் மாட்டேன்னதையும் நின்னு கேட்டாரு. நீ 'உள்ள யாரு பாக்கிறா'ன்னு சொல்ற."

தினேஷ் தேநீரை முழுவதும் குடித்தான், கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தான், போய்விட்டான்.

வீடுகள் இப்போது எழும்பிக்கொண்டிருக்கின்றன, எங்கள் பெயரில் ஒன்றும் இல்லை. தாங்கள் எந்தச் சின்னத்துக்குப் போட்டோம் என்று அந்தக் கைப்பேசிக் குழுவில் எங்கள் மேட்டின் முக்கால்வாசி இளையவர்கள் சிரித்த முகத்தோடு பதிவிட்டிருக்கிறார்கள். யாரும் மிரட்டவில்லை, சூடம்கூடத் தேவைப்படவில்லை. மேட்டில் இப்போது யாருக்கும் இரகசியமில்லாத வாக்கு ஒன்று இருக்கிறது, அதற்கு விழிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அன்று தொடங்கி இன்றுவரை என் அம்மா எந்தத் தேர்தலில் யாருக்கு வாக்களித்தார் என்பது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.